நாலாம் பாகத்திலும் குட்டி இல்லை

உடம்பை விட்டு வெளியே வந்த ரத்தம் நெடுநேரம் சிவப்பாக இருக்காது. கறுக்கும், கெட்டிப்படும், ஓரத்தில் காய்ந்து பொருக்குத் தட்டும். திண்டுக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஊர்ப்பட்ட பேர் கையில் ஊசி குத்துகிறவள் நான். இதை அடித்துச் சொல்வேன். ஆனால் பத்து வருஷம் காக்க வைத்துவிட்டு வந்த அந்த நாலாம் பாகத்தில், செத்து மூன்று நாள் ஆயிற்று என்று அவர்களே சொல்கிற ஒருவனின் சட்டையிலிருந்து ரோஸ்மில்க் நிறத்தில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. படம் ஆரம்பித்து ஆறு நிமிஷம்கூட ஆகவில்லை. இவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஒரு பேய்ப்படத்துக்கு, அதுவும் விண்வெளியில் நடக்கிற பேய்ப்படத்துக்கு, நாற்பத்தைந்து வயதுப் பொம்பளை இவ்வளவு ஆத்திரப்படலாமா என்று கேட்கலாம். படலாம். மற்றவர்கள் பொழுது போகட்டும் என்று வந்திருந்தார்கள். நான் என் மானத்தையே அந்தப் படத்தின் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பதினேழு வருஷமாக என் வீட்டுக்காரரிடம் சொல்லி வந்த ஒரு பொய்யை அந்தப் படம்தான் காப்பாற்றித் தர வேண்டும். பொய்யைச் சொல்வதற்கு முன்னால் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

சின்னாளபட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் பி.டி. வாத்தியார். கழுத்தில் விசில் தொங்கும். கையில் குச்சி கிடையாது, தேவைப்பட்டதும் இல்லை. மைதானத்தின் ஒரு மூலையில் அவர் வந்து நின்றால் மறுமூலையில் இருக்கிற பிள்ளைகள் சட்டையை எடுத்து உள்ளே விட்டுக்கொள்ளும். சொந்த ஊர் மேற்கே கீரனூர். அந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கோபம் வந்தாலும் மரியாதை குறையாது. “இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வாங்க கண்ணு” என்று அவர் மெதுவாகச் சொல்வதற்குத்தான் பிள்ளைகள் அதிகம் நடுங்குவார்களாம். விளையாட்டுச் சாமான் அறைக்குள் புகுந்த சாரைப்பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி வெளியே விட்டவர். யார் வீட்டுப் பிள்ளையைப் பார்த்தாலும் முதலில் உயரத்தைப் பார்ப்பார், அப்புறம் காலைப் பார்ப்பார். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுகூட, எதிர் வரிசையில் இருக்கிற பிள்ளையை ரிலே ஓட்டத்தில் எத்தனையாவது ஆளாக விடலாம் என்று என் காதில் சொல்வார். கடைசி ஆள்தான் ரொம்ப முக்கியம் என்பது அவர் கட்சி. மற்ற மூன்று பேர் ஓடியதெல்லாம் அந்த ஒரு பிள்ளை கையில் இருக்கிறது என்பார்.

இப்பேர்ப்பட்ட மனுஷர் சினிமாத் தியேட்டரில் பயப்படுவார் என்பதைக் கல்யாணமான முதல் வாரத்தில் கண்டுபிடித்தேன். புதுசாகக் கல்யாணமானவர்களை விருந்து போட்டு முடித்ததும் சினிமாவுக்கு அனுப்பிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். எங்களையும் நாகல் நகர் வீட்டிலிருந்து ஆட்டோ வைத்து அனுப்பினார்கள். பாட்டும் அழுகையும் உள்ள ஒரு குடும்பப் படத்துக்குப் போவதாகத்தான் பேச்சு. அங்கே போனால் டிக்கெட் தீர்ந்துவிட்டது. பக்கத்துத் தியேட்டரில் ஒரு வெளிநாட்டுப் படம், தமிழில் பேச வைத்தது. போஸ்டரில் நீலமாக ஒரு கிரகமும் நாலு நட்சத்திரமும் இருந்தன. அந்தக் கிரகத்தைப் பார்த்துவிட்டு இவர் அதை அறிவியல் பாடப் படம் என்று நினைத்துவிட்டார். வாத்தியார் புத்தி எங்கே போகும்? பெண்டாட்டிக்கு நாலு நல்ல விஷயம் தெரியட்டும் என்று இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார்.

படம் இதுதான். ஒரு விண்கலம், அதற்குள் ஏழு பேர். அவர்களுடைய குடிதண்ணீர்த் தொட்டிக்குள் எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஒரு ஜந்து. அதை முழுசாகக் காட்டவே மாட்டார்கள். தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்கும், ஒரு வால் மட்டும் நழுவிப் போகும், தண்ணீர் பிடிக்கப் போனவன் திரும்பி வர மாட்டான். வேறு ஊரில் எப்படியோ தெரியாது, எங்கள் ஊரில் ஜனங்கள் அலறினார்கள். இங்கே குழாயில் தண்ணீர் வருவதே இத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று கணக்கு. அதைப் பிடித்துத் தொட்டியில் நிரப்பி வைத்துத்தான் குடும்பம் நடத்துகிறோம். அந்தத் தொட்டிக்குள் ஒன்று குடியிருக்கிறது என்றால் யார்தான் தைரியமாகச் சொம்பை உள்ளே விடுவார்கள்? கதாநாயகி அந்தக் கலத்தின் குழாய்களைப் பழுது பார்க்கிற பெண். கத்தரித்த முடி, இடுப்பில் ஸ்பேனர். அவள் வந்து நின்றாலே “குழாயக்கா” என்று கத்தி விசிலடித்தார்கள்.

முதல் சொட்டு விழுந்ததும் என் மணிக்கட்டில் ஒரு கை விழுந்தது. புதுப் பெண்டாட்டி இல்லையா, நான் வேறு மாதிரி நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் மனுஷர் கண்ணை இறுக்க மூடியிருக்கிறார். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். மீசையை முறுக்கிக்கொண்டு லேப்புக்குள் வந்து, ஊசியைக் கண்டதும் இப்படித்தான் மூஞ்சியைச் சுருக்கிக்கொள்வார்கள்.

“ஏம்புள்ள, என்ன பண்ணுது அது?” என்று கேட்டார்.

அந்த ஒரு வாரத்தில் அவர் என்னைக் கேட்டிருந்த ஒரே கேள்வி “சாப்டியா” என்பதுதான். நான் அவர் காதருகே குனிந்து, வால் போனது, விளக்கு அணைந்தது, கலத்துத் தளபதி படியில் இறங்குகிறார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆபத்து தீர்ந்ததும் முழங்காலில் தட்டி, லேப்பில் எல்லாருக்கும் சொல்கிற அதே வாக்கியத்தை அவருக்கும் சொன்னேன். “முடிஞ்சுது, கண்ணத் தொறங்க.”

வீட்டில் அவர் என் பேச்சைக் கேட்கிறவர் அல்ல. நான் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பேன், அவர் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்துக்குள் இருந்துகொண்டு “ம்” போடுவார். அதே மனுஷர் தியேட்டரில் இரண்டு மணி நேரம் என் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு சொல்லுக்காகவும் காத்திருந்தார். எனக்கு அது ருசிப்பட்டுவிட்டது. ருசி கண்டதும் கைச்சரக்கைச் சேர்க்க ஆரம்பித்தேன். திரையில் வால் மட்டும் தெரியும், நான் அதற்குச் செவுளும், ஆறு விரலும், இமையில்லாத மஞ்சள் கண்ணும் வைத்துக் கொடுத்தேன். வெளியே வந்து புரோட்டாக் கடையில் உட்கார்ந்தபோது, நல்லவேளை நான் பார்க்கவில்லை என்று அவர் சொன்னார். அவர் பார்த்திருந்தால் பயந்திருக்கவே மாட்டார்.

இரண்டாம் பாகம் மூன்று வருஷம் கழித்து வந்தது. அது வந்த சமயத்தில் எனக்கு ஐந்தாம் மாதத்தில் கலைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எல்லாரும் வந்து பார்த்தார்கள். எந்தக் கோயிலுக்குப் போக வேண்டும், எந்த டாக்டரிடம் போக வேண்டும், எதைச் சாப்பிட்டிருக்கக் கூடாது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கு அவர் மேல் கோபமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு டிக்கெட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அந்த நேரத்தில் பேய்ப்படத்துக்குக் கூப்பிடுகிற ஆள் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும். நானும் எழுந்து சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

படத்தின் நடுவில் ஒரு நீளமான காட்சி வந்தது. கலத்தில் ஒருவன் மட்டும் உட்கார்ந்து ஏதோ எந்திரத்தைச் சரி செய்துகொண்டிருப்பான். பத்து நிமிஷத்துக்கு ஒன்றுமே நடக்காது, சொட்டுச் சத்தம் மட்டும் கேட்கும். சத்தம் கேட்டதும் இவர் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு, என்ன பண்ணுது என்று கேட்டார். சொல்வதற்குத் திரையில் ஒன்றும் இல்லை.

“தேடுது,” என்றேன்.

எதை என்று கேட்டார். அதோட குட்டியை என்றேன்.

அப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு நிறுத்த முடியவில்லை. அதற்கு ஒரு குட்டி இருந்தது, பிறப்பதற்கு முன்னாலேயே எங்கோ தவறிவிட்டது, அதைத் தேடித்தான் தொட்டி தொட்டியாகப் போகிறது, இந்த மனுஷங்களுக்கு அது தெரியவில்லை, குறுக்கே வந்து சாகிறார்கள் என்று படம் முடிகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன். திரையில் பேசுகிறவர்கள் குட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே என்று அவருக்குச் சந்தேகம் வரவில்லை. வந்திருந்தாலும் கேட்கவில்லை. என் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தார். அன்றைக்குப் புரோட்டாக் கடையில் அவர் தன் ஆம்லெட்டை எடுத்து என் இலையில் வைத்தார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அதற்குள் போயிருந்தது. அதற்கப்புறம் எங்களுக்குக் குழந்தை தங்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் உட்கார்ந்து பேசியதும் இல்லை.

மூன்றாம் பாகத்தில் விளக்கு அணைந்ததுமே அவராகக் கேட்டார். “குட்டி கெடைச்சுச்சா?”

“இன்னும் இல்லைங்க,” என்றேன்.

அந்தப் பாகத்தின் கடைசியில் குழாயக்கா தப்பித்து ஒரு சின்னக் கலத்தில் ஏறிப் போவாள். கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் இருக்கும். பாட்டிலுக்குள் சின்னதாக ஒன்று அசையும், படம் முடிந்துவிடும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. படம் எடுத்தவர்களே என் வழிக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அதுதான் குட்டி, அடுத்த பாகத்தில் பாருங்கள் என்று அவரிடம் அடித்துப் பேசினேன். அடுத்த பாகம் பத்து வருஷம் வரவில்லை. அதற்குள் அந்தத் தியேட்டர் துணிக் குடோனாக மாறிவிட்டது.

இந்த வருஷம் நாலாம் பாகம் வரப்போகிறது என்று செய்தி வந்த அதே சமயத்தில் இரண்டு விபத்துகள் நடந்தன. முதலாவது, அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை வந்து, மதுரையில் ஆபரேஷன் பண்ணிப் புது லென்ஸ் வைத்தார்கள். முப்பது வருஷம் வெயிலில் நின்றவருக்கு உலகமே கழுவி வைத்த மாதிரி தெரிந்தது. எதிர் வீட்டு மாடியில் காய்கிற துணியில் எத்தனை கிளிப் போட்டிருக்கிறது என்று எண்ணிச் சொன்னார். இந்தத் தடவை கண்ணை மூடப் போவதில்லை, முழுப் படத்தையும் பார்க்கப் போகிறேன் என்று அறிவித்தார்.

இரண்டாவது விபத்து லேப்புக்குக் காய்ச்சலோடு வந்தது. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் வாத்தியார், சின்ன வயசு. ரத்தம் எடுக்க உட்கார்ந்தவர், “மேடம், சார்கிட்ட நீங்களாவது சொல்லுங்க” என்று ஆரம்பித்தார். ஆசிரியர்கள் அறையில் நாலாம் பாகத்தைப் பற்றிப் பேச்சு வந்ததாம். எங்கள் ஆள் கதைச் சுருக்கம் சொல்கிறேன் என்று குட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இந்தக் கம்ப்யூட்டர் வாத்தியார் மூன்று பாகத்தையும் நாலு நாலு தடவை பார்த்தவராம். அப்படி ஒரு குட்டியே கிடையாது என்றிருக்கிறார். இருக்கிறது, என் வீட்டில் பார்த்திருக்கிறார்கள் என்று எங்கள் ஆள் பிடித்த பிடியில் நின்றிருக்கிறார். சண்டை முற்றி, கடைசியில் இவர் தலைவலிக்கிறது என்று சொல்லித் தப்பித்தாராம். நான் அவர் கையில் ரப்பர் பட்டையைக் கொஞ்சம் இறுக்கியே கட்டினேன்.

அன்றையிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. இந்த மனுஷர் ஊரில் யார் சொன்னாலும் நம்ப மாட்டார். மளிகைக் கடைக்காரர் சொல்கிற எடையை நம்ப மாட்டார், டாக்டர் சொல்கிற மாத்திரையை நம்ப மாட்டார். என்னை மட்டும்தான் நம்புவார். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. இப்போது அவர் கண்ணைத் திறந்து பார்க்கப் போகிறார், அங்கே குட்டி இருக்காது. இத்தனை வருஷம் இவள் சொன்னதெல்லாம் அளப்புதானா என்று ஒரு பார்வை பார்ப்பாரே, அதை நினைத்தால்தான் பயம். குட்டி பொய் என்று ஆகிவிட்டால், அன்றைக்கு இருட்டில் நான் அழுததும் அவர் என் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்ததும் பொய்க்காக என்று ஆகிவிடும்.

ஆகவே என்னால் ஆன தடைகளைப் போட்டுப் பார்த்தேன். புதுக் கண்ணுக்குப் பெரிய திரை ஆகாது என்றேன். சொட்டு மருந்து விடுகிற காலமே முடிந்துவிட்டது என்றார். ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியையாவது போட்டுக்கொண்டு பாருங்கள் என்றேன். தியேட்டருக்குள்ளே கூலிங் கிளாஸா என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆக, படத்தையே நம்ப வேண்டியதாயிற்று. கூட்டம் குறைகிற நேரத்தில் லேப்பில் உட்கார்ந்து போனில் டிரெய்லரைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு இடத்தில் கதவுக்குப் பின்னால் சின்னதாக ஒரு நிழல் வந்தது. அதை நிறுத்தி, பெரிசாக்கி, லேப்பில் கூட வேலை பார்க்கிற பெண்ணிடம் காட்டி, இது குட்டிதானே என்று கேட்டேன். அவள் செத்த நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “வாளி மாதிரி இருக்குக்கா” என்றாள். அவளோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேட்னி. இப்போது இருக்கிற தியேட்டரில் நாற்காலி படுக்கிற அளவுக்குச் சாய்கிறது. அவர் சாயவில்லை. மைதானத்தில் பந்தயம் பார்க்கிற மாதிரி முன்னால் குனிந்து, இரண்டு கண்ணையும் அகல வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. என் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைப்பையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் அந்த ரோஸ்மில்க் ரத்தம். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். மூன்று பாகமாக வாலை மட்டும் காட்டி வந்த ஜந்துவைப் பத்தாவது நிமிஷத்தில் பட்டப்பகல் மாதிரி வெளிச்சத்தில் நிறுத்திவிட்டார்கள். குளிப்பாட்டிக் கட்டிய எருமை மாதிரி பளபளவென்று நின்றது. செவுள் இல்லை, ஆறு விரல் இல்லை, மஞ்சள் கண்ணும் இல்லை. குழாயக்கா எங்கே என்று பார்த்தால் சுவரில் ஒரு போட்டோவாகத் தொங்குகிறாள். எப்படிச் செத்தாள் என்று சொல்லக்கூட யாருக்கும் நேரமில்லை. அவளுடைய அண்ணன் மகன்தான் கதாநாயகனாம். அவனுக்கு ஒரு ஸ்பேனரைப் பிடிக்கத் தெரியாது, காற்றில் விரலை ஆட்டி ஆட்டி எதையோ அமுக்கிக்கொண்டிருக்கிறான். எல்லாவற்றையும்விடப் பெரிய அநியாயம், கலத்தில் தண்ணீர்த் தொட்டியே இல்லை. எல்லாரும் கேன் தண்ணீர் குடிக்கிறார்கள். கேனுக்குள் எது போய்க் குடியிருக்கும்? மூன்றாம் பாகத்துப் பாட்டிலைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. டிரெய்லரில் வந்த நிழலும் வந்தது. வாளிதான்.

இவரை ஓரக்கண்ணால் பார்த்தேன். இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பயந்த மாதிரி தெரியவில்லை. பயப்பட அங்கே என்ன இருந்தது?

இடைவேளைக்குச் சற்று முன்னால் அது நடந்தது. ஜந்து வாயைத் திறந்து பேசியது. அதுவும் மேடைத் தமிழில். “மானுடர்களே, நான் ஆய்வகத்தில் ஆக்கப்பட்டவன். எனக்கு முன்னும் எவருமில்லை, எனக்குப் பின்னும் எவருமில்லை. என் இனத்தில் பிறப்பு என்பதே கிடையாது” என்று ஐந்து நிமிஷத்துக்கு உரையாற்றியது. கண்ணை மூடியிருந்தாலும் காதில் விழுந்திருக்கும். உலகத்தில் எத்தனையோ விஷயம் இருக்க, இவர்கள் தேடிப் பிடித்து இதைத்தான் சொல்ல வேண்டுமா? எனக்குக் காது இரண்டும் சுட்டது. விளக்குப் போட்டார்கள்.

வெளியே வந்து பாப்கார்ன் வாங்கினார். டீ இல்லையா என்று கேட்டு, இல்லை என்றதும் முகத்தைச் சுளித்தார். பயிற்சியே கொடுக்காமல் பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பின மாதிரி இருக்கிறது படம் என்றார். குட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட ஏதாவது சமாளித்திருப்பேன், கேட்காமல் பாப்கார்னை மென்றுகொண்டிருந்ததுதான் தாங்கவில்லை.

“ஏங்க,” என்றேன். “அந்தக் குட்டி. அப்படி ஒண்ணு கெடையாதுங்க. எந்தப் பாகத்துலயும் கெடையாது. நானாத்தான் சொன்னேன்.”

“தெரியும் புள்ள,” என்றார்.

கம்ப்யூட்டர் வாத்தியார் சொன்னதை நம்பிவிட்டாரா என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தார். பாப்கார்ன் டப்பாவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“ரெண்டாவது பாகத்துலயே தெரியும். நீ சொல்லிட்டு வரும்போது உன்ற கொரலு ஒரு மாதிரியாப் போச்சு. அது உன்னையப் புடிச்சுக்கிச்சோன்னு பயந்துபோயிக் கண்ணத் தொறந்து பாத்தேன். அங்க ஒருத்தன் சும்மா நட்டு முடுக்கிட்டு இருந்தான். நீ அழுதுட்டே சொல்லிட்டு இருந்த. நான் மறுபடியும் மூடிக்கிட்டேன்.”

பதினேழு வருஷமாக நான் பொத்திப் பொத்திக் காத்து வந்தது அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. அப்படியானால் எதற்கு அந்தப் பையனோடு மல்லுக்கு நின்றீர்கள் என்று கேட்டேன்.

“அவரு நாலு தடவை பாத்தாராம். பாத்தா ஆச்சுங்களா? நான் கேட்டிருக்கேன்,” என்றார். அந்த வாத்தியார் எதிரில் நிற்கிற மாதிரியே மரியாதையோடு சொன்னார்.

எனக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. எல்லாம் தெரிந்தவர், இந்தத் தடவை மட்டும் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஏன் ஒற்றைக்காலில் நின்றார்? அதையும் கேட்டேன். உள்ளே மணி அடித்தது, ஆட்கள் திரும்பிப் போக ஆரம்பித்தார்கள்.

“போன தடவை பாட்டில்ல என்னமோ அசைஞ்சுச்சுன்னு நீ சொன்னயில்ல,” என்றார். “ஒருவேளை இந்தத் தடவை நெசமாவே வந்துச்சுன்னா, உனக்கு முன்னாடி நான் பாத்துரோணும்னு இருந்தேன். பாத்து, நான் உனக்குச் சொல்லோணும்னு.”

ஒரு படத்தின் மேல் எனக்கு அவ்வளவு கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. இத்தனை பேர் சேர்ந்து, இத்தனை விளக்குப் போட்டு, எருமைக்கு எண்ணெய் தடவி நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு, ஒரு மூலையில் சின்னதாக ஒரு குட்டியைக் காட்ட முடியவில்லை. அரை நிமிஷம் காட்டியிருந்தால் போதும். என் வீட்டுக்காரர் எனக்குச் சொல்லியிருப்பார். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவர் சொல்ல நான் கேட்டிருப்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்விடலாமா என்று கேட்டேன். பாதியில் எழுந்து போகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. கடைசியாக ஓடி வருகிற பிள்ளைக்கும் கைதட்டிவிட்டுத்தான் மைதானத்தை விட்டுக் கிளம்புவார்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். விளக்கு அணைந்தது. அவர் நாற்காலியை நன்றாகப் பின்னால் சாய்த்தார். ஆபரேஷன் பண்ணிய இரண்டு கண்ணையும் மூடினார். கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

“இந்தக் கண்றாவிய எவன் பாக்கறது,” என்றார். “நீ சொல்லு.”

சொல்ல ஆரம்பித்தேன். முதலில் அந்த எருமையைக் கொன்றேன், அது போலி, ஆட்களை ஏமாற்ற யாரோ செய்து நிறுத்தியது என்றேன். குழாயக்காவைப் போட்டோவிலிருந்து இறக்கினேன். அவள் சாகவில்லை, ஒளிந்திருந்தாள், இடுப்பில் அதே ஸ்பேனர் இருக்கிறது என்றேன். கலத்துக்கு அடியில் பழைய தண்ணீர்த் தொட்டியை யாரும் எடுக்கவில்லை, மூடி மட்டும் போட்டு மறைத்திருக்கிறார்கள் என்றேன். பின் வரிசையில் இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் முதலில் உச்சுக்கொட்டினார்கள். அப்புறம் சத்தமில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் இரண்டும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து காதை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தன. திரையில் அண்ணன் மகன் காற்றில் விரலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

குழாயக்கா தொட்டியின் மூடியைத் திருகித் திறந்தாள், நிஜ ஜந்து அவள் பக்கத்திலேயே வந்து நின்றது, ஒருத்தரை ஒருத்தர் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லி நிறுத்தினேன். அதற்கு மேல் எனக்குத் தைரியம் வரவில்லை.

“குட்டி கெடைச்சுச்சா?” என்று கேட்டார்.

“கெடைச்சுருச்சுங்க.”

அவர் பிடி இறுகியது. எம்புட்டு உயரம் இருக்கும் என்று கேட்டார். பி.டி. வாத்தியாருக்கு வேறு எதைக் கேட்கத் தெரியும்? நான் மனசுக்குள் வருஷத்தை எண்ணிப் பார்த்தேன். எண்ணவே தேவையில்லை, எனக்கு எப்போதும் தெரியும்.

“அஞ்சரை அடி இருக்கும். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை மாதிரி வளந்துருச்சு.”

கண்ணைத் திறக்காமலே அடுத்ததைக் கேட்டார்.

“காலு?”

“நல்ல நீளக்காலு,” என்றேன்.

“அப்படின்னா கடைசி ஆளா ஓட விடலாம்,” என்றார்.